சுண்டல் அத்தையிடம் கையெழுத்து வாங்கப் போனது

நாமக்கல்லுக்குப் போகிறேன் என்றதும் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கோயிலுக்கா என்றுதான் கேட்டார்கள். இல்லை, கதை கேட்கப் போகிறேன் என்றேன். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை மலேசியாவில் தைப்பிங்கிலிருந்து கிளம்பி, கடல் தாண்டிப் போய்ச் சிறுவர் கதை கேட்கிறாளாம். கிண்டல் பண்ணாமல் விடுவார்களா? வரும்போது உனக்கொரு பால் புட்டியும் வாங்கிக்கொள் என்றான் பக்கத்துக் கோப்பிக் கடைக்காரன்.

கதை சொல்லப் போகிறவர் சுண்டல் அத்தை. ஒரு பொட்டலம் சுண்டல் தின்று முடிப்பதற்குள் ஒரு கதை என்பது அவர் வழக்கம், அதனால் அந்தப் பெயர். அவர் சொல்கிற கதை எதுவும் முடியாது. நல்ல கட்டத்தில் நிறுத்திவிட்டு, "இனிமே உங்க பாடு" என்று கையைத் தட்டிவிடுவார். அவருடைய புத்தகங்களிலும் கடைசி இரண்டு பக்கம் வெறுமையாக இருக்கும். படிக்கிற பிள்ளைதான் முடிவை எழுதிக்கொள்ள வேண்டும்.

என் தங்கை மாலதியின் மகள் கயல் ஏழு வயதுவரை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். மாலதி கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விடுவாள். கயல் என் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அத்தையின் எருமைக் கதையைப் படிக்கச் சொல்லிப் பிடுங்குவாள். மஞ்சள் குடை பிடித்த எருமை ஒன்று மழையைத் தேடிப் போகும். கடைசியில் ஒரு பூட்டிய வீட்டின் கதவைத் தட்டும். யார் திறந்தார்கள்? கயல் ஒருநாள் மீன் திறந்தது என்பாள். இன்னொரு நாள் எருமையின் அம்மா என்பாள். ஒருநாள், "நீதான் பெரிம்மா, கையில கத்திரிக்கோலோட" என்றாள். பிறகு மாலதியின் கணவர் சக்திவேல் குடும்பத்தோடு நாமக்கல் பக்கத்துச் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். அதற்குப் பின்னும் போனில் புதுப்புது முடிவுகள் வந்துகொண்டுதான் இருந்தன. விடுதிப் பள்ளியில் சேர்த்த பிறகு நின்றுபோயின. இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

அந்தப் பள்ளிக்குச் சுண்டல் அத்தை வருகிறார், அன்றைக்கு வீட்டாரையும் உள்ளே விடுவார்கள் என்று மாலதி போனில் சொன்னாள். சொன்ன கையோடு அழுதாள். "புள்ள சிரிக்கறதே இல்லக்கா. கேட்டா நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்றா." அவ்வளவுதான், நான் கடையைப் பூட்டிவிட்டேன். அத்தையிடம் கையெழுத்து வாங்குவதெல்லாம் ஊருக்குச் சொன்ன காரணம். பிள்ளையை அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

திருச்சியிலிருந்து ஏறிய பஸ் தொட்டியம் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. "ஸ்டெப்னி இருக்குதுங்க, ஜாக்கிதான் இல்லீங்க" என்றார் கண்டக்டர், ஏதோ சட்னி தீர்ந்துவிட்ட மாதிரி. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் கம்பெனிக்கு நாலு போன் போயிருக்கும். இங்கே யாரும் கோபப்படவில்லை. இறங்கி, வாழைத்தோட்ட நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குத்தான் கொதித்தது. கடைசியில் முட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவர் ஜாக்கியைக் கொடுத்ததோடு தானே படுத்து மாட்டியும் விட்டார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம், "எந்த ஊருங்க, சாப்ட்டீங்களா" என்றார். நாங்கள் பசியாறியாச்சா என்போம். கேள்வி ஒன்றுதான். முன்பின் தெரியாதவர் கேட்டபோது எனக்குக் கோபம் வடிந்துவிட்டது.

சக்திவேலின் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். வாசலில் ரிக் லாரி நின்றது. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வண்டி. அந்த வண்டியோடு சக்திவேல் வருடத்தில் பாதி நாள் ஆந்திரா, ஒடிசா என்று போய்விடுவார். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறும், அதன் தலையில் ராசிபுரத்து நெய்யும். ருசி நாக்கிலேயே நின்றது, மறுக்க முடியாது. மாலதியின் பேச்சில் இந்த ஊர் முழுதாக ஏறிவிட்டது. "இன்னங் கொஞ்சம் போட்டுக்கங்க்கா" என்கிறாள். என் தங்கைதானா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் சுற்றி வளைக்கவில்லை. கயலை அந்தப் பள்ளியில் இருந்து எடுத்துவிடுங்கள் தம்பி என்று கேட்டேன்.

சக்திவேல் கத்துகிற ஆள் இல்லை. தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "நான் ஒம்பதாவதுங்கக்கா. ரிக்கு போடற புழுதியத் தின்னே காலம் போச்சு. அவ டாக்டராவட்டும்னு நெனைக்கறது தப்புங்களா?"

"தப்புன்னு சொல்லல. பிள்ளைக்குப் பிடிக்கலியே."

"அவ சொல்லோணுமில்லைங்க. நீங்களே நாளன்னிக்கு வாரீங்க. புள்ள வாயில, வேண்டாம்னு ஒரு வார்த்த வரட்டும். அந்த நிமிசமே பொட்டியக் கட்டிக் கூட்டீட்டு வந்தறலாம். நான் பேச்சு மாறமாட்டேன்."

ஒரு வார்த்தைதானே, என்ன பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் மாலதியோடு சேலம் போனேன். கயலுக்கு உள்பாவாடையும் தலைக்கு கிளிப்பும் வாங்க வேண்டும் என்றாள். கடையில் நான் சிவப்பில் ஒரு கிளிப்பை எடுத்தேன். அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு கறுப்பை எடுத்தாள். கறுப்பைத் தவிர வேறு எதையும் பள்ளியில் விடமாட்டார்களாம். பஸ் நிலையத்துத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் தின்றோம். ரெண்டு தட்டுவடைக்கு நடுவே துருவின காய்கறியும் சட்னியும் வைத்துத் தருகிறார்கள். வாய் கொள்ளவில்லை, சேலையெல்லாம் சட்னி. நீண்ட நாளைக்குப் பிறகு மாலதி சிரித்தாள்.

அங்கே எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வடநாட்டுப் பையன் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறவனாக இருக்கும், தலைமுடியெல்லாம் பஞ்சு. ரிக்கில் வேலை செய்கிற வடநாட்டுப் பையன்களோடு பேசிப் பேசி அந்தப் பாஷை மாலதிக்குக் கொஞ்சம் தெரியும். என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "அவங்கம்மாகிட்ட. சாப்ட்டாச்சு, இங்க எல்லாம் நல்லா இருக்குது, ஓனர் நல்ல மனுசன்னு சொல்றான்" என்றாள். போனை வைத்துவிட்டு அவன் எங்கள் தட்டையே பார்த்தான். ஒரு செட் வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பள்ளிக்குப் போனோம். நெடுஞ்சாலையை ஒட்டி நீளமான மதில், அதற்கு மேல் கண்ணாடிச் சில்லு. பழத்தோட்டத்துக்கு அப்படிப் பதித்துப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு எதற்கு என்று வாட்ச்மேனைக் கேட்டேன். "பாதுகாப்புக்குத்தானுங்க" என்றார். வீட்டார் பார்ப்பதற்கு நிகழ்ச்சிக்கு முன்பு கொஞ்ச நேரம் கொடுத்தார்கள், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில்.

கயல் வந்தாள். ஓடி வரவில்லை. என்னைப் பார்த்ததும், "வாங்க பெரிம்மா, எப்ப வந்தீங்க" என்றாள், விருந்தாளியைக் கேட்கிற மாதிரி. நான் சீருடை தைக்கிறவள். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் இடுப்புக்குத்தான் போகும். பாவாடையை இரண்டு ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தாள். கட்டிப் பிடித்தேன். எலும்பு குத்தியது.

சக்திவேல் சொன்ன சொல் தவறவில்லை. அவரே கேட்டார். "கயலு, பெரிம்மா உன்ன நெனச்சுத்தான் வந்திருக்காங்க. இங்க இருக்கப் புடிக்கலீன்னா சொல்லு சாமி. அப்பா ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். இப்பவே ஊட்டுக்குப் போயறலாம்."

கயல் நிமிர்ந்து நின்றாள். கைகள் தாமாகவே பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன. "நல்லா இருக்குதுங்கப்பா. டீச்சர்ஸ் நல்லா சொல்லித் தராங்க. சாப்பாடு நல்லா இருக்குது. டெஸ்ட்ல மார்க் வாங்கிருவேன்."

"கயல், என்னப் பாத்துச் சொல்லு" என்றேன்.

பார்த்தாள். "நல்லா இருக்குதுங்க பெரிம்மா" என்றாள். பக்கத்து பெஞ்சில் ஒரு பையன் தன் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: டீச்சர்ஸ் நல்லா சொல்லித் தராங்க. சாப்பாடு நல்லா இருக்குது. அதே வரிசை. சக்திவேல் என்னைப் பார்த்தார். வெற்றிபெற்ற பார்வை இல்லை, பாவமாகத்தான் பார்த்தார். அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

விழா ஆரம்பித்தது. குத்துவிளக்கு, பூங்கொத்து, பொன்னாடை. அத்தைக்கு ஒரு பொன்னாடை, அவரை அழைத்து வந்தவருக்கு ஒன்று, போர்த்தியவருக்கே திருப்பி ஒன்று. தாளாளர் பேசினார். எத்தனை பேர் எந்தெந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் சம்மணமிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆண்டு விழா என்றால் மைக் சத்தத்தைவிடப் பிள்ளைகள் சத்தம் பெரிதாக இருக்கும். இங்கே தகரக் கூரை வெயிலில் முறிகிற ஓசைகூடக் கேட்டது.

அத்தை எழுந்தார். குள்ளமான உருவம், கட்டைக் குரல், காலில் ரப்பர் செருப்பு. பொன்னாடைகளை உருட்டி நாற்காலியில் வைத்துவிட்டு எருமைக் கதையைத் தொடங்கினார். எருமை குடையை மடிக்கத் தெரியாமல் பஸ் கதவில் மாட்டிக்கொள்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தது நான் மட்டும்தான்.

"தட்டுச்சு, தட்டுச்சு, எருமை கதவைத் தட்டுச்சு. யாரு திறந்தாங்க? இனிமே உங்க பாடு" என்றார் அத்தை.

எல்லாக் கையும் மேலே எழுந்தன. அத்தை முகம் மலர்ந்துபோய் ஒரு பையனைக் காட்டினார். அவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "கதவைத் திறந்தது மழை. எனவே நாம் மழைநீரைச் சேமிக்க வேண்டும்" என்றான். சரி, இன்னொருத்தர் என்றார். ஒரு சிறுமி எழுந்தாள். "கதவைத் திறந்தது மழை. எனவே நாம் மழைநீரைச் சேமிக்க வேண்டும்." பிறகு அவர் யாரையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. மொத்தப் பிள்ளைகளும் ஒரே ராகத்தில் சொல்லி முடித்தார்கள். பின்னால் நின்ற ஆசிரியர்கள் கை தட்டினார்கள்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். பெருமையில் பூரித்துப் போயிருந்தார்கள். விருந்தினர் வந்து கேள்வி கேட்டால் பிள்ளை விழிக்கக் கூடாது, அவர்கள் அக்கறை அது. எனக்குப் பக்கத்தில் நின்ற தமிழ் டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார்: "புக்குல கடைசிப் பக்கமெல்லாம் அச்சாகாமயே வந்திருச்சுங்க. நாங்கதான் போர்டுல எழுதிப் போட்டு எல்லாத்தையும் ஃபில் பண்ண வெச்சோம். ஒரு புக்கு விடலை."

அத்தை தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, இது புத்தகத்தில் இல்லாத கதை, வழியில் ரிக் லாரிகளைப் பார்த்ததும் தோன்றியது என்றார். ஒரு ஊரில் ரிக் வண்டி துளை போடுகிறது. நூறடி, ஐநூறடி, ஆயிரம் அடி, தண்ணீர் இல்லை. அப்போது அடியில் இருந்து ஒரு கிழட்டுத் தவளை கத்துகிறது: யாருப்பா அது மேலே, என் தலையில ஓட்டை போடறது? "மேலே இருந்தவங்க என்ன பதில் சொன்னாங்க?"

ஒரு கையும் எழவில்லை. பிள்ளைகளின் தலைகள் மெதுவாகப் பின்னால் திரும்பின, ஆசிரியர்கள் பக்கம். ஆசிரியர்கள் தாளாளரைப் பார்த்தார்கள். தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் பக்கத்தில் சக்திவேல் முணுமுணுத்தார்: "தண்ணி வந்தா புழுதி அடங்கும், அவ்ளோதானுங்க. அடீல இருந்து எவன் பேசறான்."

அடுத்தது கையெழுத்து. வகுப்பு வகுப்பாக வந்தார்கள். படம் எடுப்பதற்காக வீட்டாரும் பிள்ளையோடு நிற்கலாம். அத்தை ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் திருப்பினார். எல்லாவற்றிலும் அதே வரி, அழகான கையெழுத்தில். அவர் பேனா பக்கத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி ஒதுங்கிக் கையெழுத்துப் போட்டது.

கயல் முறை வந்தது. நான், மாலதி, சக்திவேல் மூவரும் பின்னால் நின்றோம். அத்தை புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மூடிய அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "இதை விடு கண்ணு. தவளைக்கு என்ன பதில் சொன்னாங்க?"

கயல் டீச்சரைப் பார்த்தாள். "சொல்லும்மா, மேடம் கேக்கறாங்கல்ல" என்றார் டீச்சர்.

"மேல யாரும் இல்லைன்னு சொன்னாங்க" என்றாள் கயல்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருந்துக்கிட்டே ஏன் இல்லைன்னு சொன்னாங்க?"

"பதில் பேசுனா வேலை நின்னு போயிருமில்லைங்க."

"அப்புறம் தவளை என்ன பண்ணுச்சு?"

"கொஞ்ச நாள் கேட்டுட்டே இருந்துச்சு. அப்புறம் கேக்கறத உட்டுருச்சு."

"வெரி குட்" என்றார் டீச்சர். அடுத்த பிள்ளை முன்னால் வந்தது.

சக்திவேலின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "கேட்டீங்களா தம்பி? சொல்லிட்டா. பொட்டிய எடுக்கச் சொல்லுங்க."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அது கதைதானுங்களே. வேண்டாம்னு எங்கீங்க சொன்னா?" என்றார். ஏமாற்றுகிற குரல் இல்லை. நிஜமாகவே அவருக்கு அது கேட்கவில்லை. மாலதியைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. கயல் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அத்தையின் கார் கிளம்புவதற்குள் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை வருடம் இவர் கதையைப் படித்து ஒரு பிள்ளையை வளர்த்தேன். பார்த்தால் காலில் விழ வேண்டும் என்று நினைத்திருந்தவள், பேசியது முழுக்கச் சண்டை. "உங்களுக்குப் புரிஞ்சது. நீங்க பெரியவங்க. தாளாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பொன்னாடையை வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டா ஆச்சா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. களைத்துப்போன முகம். "இந்தப் பக்கம் நெறைய ஸ்கூலுக்குப் போறேன்மா. எல்லா ஸ்கூல்லயும் ஒரு பிள்ளை இப்படி என்கிட்ட ஏதாவது சொல்லிடும். கேட்டுட்டு ராத்திரியெல்லாம் தூங்கமாட்டேன். என்னால ஆனது அவ்வளவுதான்." பிறகு கேட்டார்: "நீங்க அவளுக்கு யாரு?"

"பெரியம்மா."

"அப்ப என்கிட்ட ஏன் வந்து கேக்கறீங்க?"

கார் போய்விட்டது. அன்று முழுக்க எனக்கு அத்தை மேல் ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டில் கொள்ளு ரசம் வைத்திருந்தார்கள், தொடவில்லை. விடிந்த பிறகும் ஆத்திரம் இருந்தது, ஆனால் அவர் மேல் இல்லை.

நான்காம் நாள் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். சக்திவேல் விடிவதற்குள் ரிக்கோடு வெளியூர் போய்விட்டார். மாலதி நாமக்கல் வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லி டவுன் பஸ்ஸில் கூட வந்தாள். அந்த நீள மதில் வந்தது. நான் எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். மாலதி பதறிப்போய்ப் பின்னாலேயே இறங்கினாள்.

"ஏனுங்க, நேத்துத்தான பாத்துட்டுப் போனீங்க. இன்னிக்கு உடமாட்டாங்க" என்றார் வாட்ச்மேன். கெஞ்சினேன், நான் மலேசியா போகிறேன் என்றேன், தாயே வந்திருக்கிறாள் என்றேன். அவர் கையை விரித்தார். அவர் மேல் என்ன குற்றம்? மதிலை ஒட்டி நடந்தேன். எருக்கஞ்செடியும் முள்ளும் காலைக் கிழித்தன. வகுப்பறைகள் மதிலுக்கு அந்தப் பக்கம்தான். எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள், மொத்தமாக, ஒரே ராகத்தில். அதில் எது அவள் குரல் என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். பிரித்தெடுக்க முடியவில்லை.

"கயல்" என்று கத்தினேன். "கயல், பெரிம்மா இங்க இருக்கேன்டி. மேலதான் இருக்கேன்."

உள்ளே சத்தம் நின்றது. பிரம்பால் மேசையைத் தட்டுகிற ஓசை கேட்டது. மறுபடியும் ஒப்பிக்கத் தொடங்கினார்கள்.

மாலதி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாங்க்கா, புள்ளயத்தான் திட்டுவாங்க. அவரு வந்தா என்ன சொல்றது? அவ இன்னும் ஒண்ணுமே சொல்லலியேக்கா."

"அவ சொல்லமாட்டாடி. நீ சொல்லு."

மாலதி மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானை மறுபடியும் வாய்க்குப் போனது. நான் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். திருச்சி பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"கயலு" என்றாள். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அடிவயிற்றில் இருந்து கூப்பிட்டாள். "கயலு, அம்மா வந்திருக்கேன் சாமி. எந்திரிச்சு வா. ஊட்டுக்குப் போலாம்."

வாட்ச்மேன் போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தார். உள்ளே மேசையைத் தட்டினார்கள். இன்னொரு தடவை தட்டினார்கள். இந்த முறை யாரும் ஒப்பிக்கத் தொடங்கவில்லை.